மரண அறிவித்தல் பக்கத்து அக்கா

எங்கள் ஒபிஸில் அந்த அக்காவோடு சண்டை போடாத ஆள் கிடையாது. நான் போட்டிருக்கிறேன், முதலாளி போட்டிருக்கிறார், மரண அறிவித்தல் கொடுக்க அழுத கண்ணோடு படியேறி வந்தவர்கள்கூடப் போட்டிருக்கிறார்கள். எல்லாச் சண்டையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அட்டவணையில் எந்தக் கொலத்துக்கு எவ்வளவு அகலம் விடுவது, அதில் என்னத்தை எழுதுவது என்பதுதான் அது. மேலிருந்து கீழாக இறங்குகிற வரிசையைத்தான் நாங்கள் கொலம் என்போம். இதற்குப் போய் ஒரு மனுசி இப்படி வாதாடுவாளா என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஒபிஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஹட்டன் பிரதான வீதியில் ஒரு போன் கடையின் மேல்மாடி. கடையும் மாடியும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். முஸ்லிம் மனிதர், எங்களைவிட வயதில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். சுற்றுவட்டாரத்துக்கென்று ஓர் இணையத்தளம் வைத்திருந்தார். கல்யாண வாழ்த்து, மண்டப விளம்பரம், டியூஷன் விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் அதில் வரும். நான் கல்யாணக் கார்டும் பேனரும் செய்கிறவள். பக்கங்களை எழுதுவது அக்காவின் வேலை.

உண்மையில் ஆட்கள் பார்த்தது மரண அறிவித்தலை மட்டும்தான். கொழும்பில் கடைகளில் நிற்கிறவர்கள், கட்டாரிலும் குவைத்திலும் இருக்கிறவர்கள் எல்லாம் காலையில் எழும்பியதும் ஊரில் யார் போனது என்று அதில்தான் பார்ப்பார்கள். பெயர், தோட்டம், பிரிவு, பிரேதம் எடுக்கும் நேரம் என்று நாலு கொலம். அவ்வளவுதான் அந்தப் பக்கம். படம் கிடையாது, கண்ணீர்க் கவிதை கிடையாது. அக்கா விடமாட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் என்றால் ஒரே இடம் இல்லை. மேல் பிரிவு, கீழ் பிரிவு என்று இருக்கும், நடுவில் ஒரு மலை கிடக்கும். பெயர்களோ எங்கே போனாலும் அதே பெயர்கள்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, சாமி பெயரை எல்லோருக்கும் வைத்து, மேலே ஒரு கருப்பையா இருந்தால் கீழே இரண்டு பேர் இருப்பார்கள். ஆகவே பிரிவைச் சொல்லாத மரணச் செய்தி பாதிச் செய்தி என்பது அக்காவின் கட்சி. அழுதுகொண்டு வருகிறவரிடமும் மேலயா, கீழயா என்று கேட்டு வாங்காமல் எழுத மாட்டார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் கல் மனசு என்றுதான் தோன்றும்.

அகலங்களை அவர் இரண்டு தரம் எழுதுவார். பழைய பிரவுசருக்கு அட்டவணையின் முதல் வரியில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று எழுதினால்தான் புரியும். புதிய பிரவுசர் அப்படி இல்லை, தனியாக ஸ்டைல் என்று எழுதி வைப்பதைத்தான் முதலில் மதிக்கும். அக்கா இரண்டையும் எழுதுவார். பழையது தனக்குப் புரிந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும், புதியதும் அப்படியே. நாலு வீதத்தையும் கூட்டினால் நூறு வர வேண்டும். அதற்கு மேல், உள்ளே எவ்வளவு நீளமான பெயர் வந்தாலும் கொலம் அசையக் கூடாது என்று இன்னொரு வரியும் எழுதுவார். பெயர் இடமில்லாமல் போனால் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கட்டும், பக்கத்துக் கொலத்தைத் தள்ளக் கூடாது. எழுதி முடித்ததும் மூலையில் சீலைத் துண்டு போர்த்தி வைத்திருந்த ஓர் அரதப் பழசான கொம்பியூட்டரைத் திறந்து, அது முனகி முனகி எழும்பும்வரை காத்திருந்து, அதிலும் பார்ப்பார்.

அந்தக் கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி நானா கத்தாத மாதம் இல்லை. இந்தக் காலத்தில் யார் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்று ஒருநாள் அவர் கேட்டதற்கு, அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

“பழசு வச்சிருக்கவங்க வீட்டுல சாவு வராதுங்களா நானா?”

உண்மையில் தோட்டத்து வாசிகசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பழைய பெட்டிகள்தான் அப்போதும் கிடந்தன.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கதையும் இருந்தது. நான் சேர்ந்த புதிதில், அக்கா பொறுப்பெடுக்கும் முன்பு வேறு யாரோ எழுதிய அட்டவணைதான் தளத்தில் இருந்தது. ஒரு நீளமான பெயர் வந்து முதல் கொலத்தை வீங்க வைத்துவிட்டது. பழைய பிரவுசரில் பிரிவும் நேரமும் திரைக்கு வெளியே போய்விட்டன. கட்டாரில் ஒரு வேலைக் கேம்பில் இருந்தவர் அதைப் பார்த்து, பெயரும் தோட்டமும் ஒன்றாக இருந்ததால் தன் அம்மாதான் போய்விட்டார் என்று மொட்டை போட்டுவிட்டார். பிறகு அம்மாவே போனில் பேசியபோது அவருக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஒபிஸுக்குப் போன் போட்டு இரண்டையும் சேர்த்துச் செய்தார். போனை எடுத்தது அக்காதான். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அம்மா நல்லா இருக்காங்கல்ல, அது போதும் என்று வைத்தார். அன்றைக்கே அந்தப் பக்கத்தை நானாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மற்றபடி அக்கா பேசுகிற ஆள் இல்லை. மத்தியானம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். என் போன் நாளெல்லாம் அடிக்கும். பிள்ளை, புருசன், மாமியார், சீட்டுக்காரி என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அக்காவின் போன் அடித்து நான் கேட்டதே இல்லை. கொட்டகலையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார். நானும் கொட்டகலைதான் என்பதால் பின்னேரம் ஒரே பஸ்ஸில் போவோம். ஒரு தீபாவளிக்கு வற்புறுத்தி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வந்தார், கதிரையின் நுனியில் உட்கார்ந்தார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார், என் மாமியார் வெற்றிலையோடு வந்து, ஊர் எது, அப்பா யார் என்று ஆரம்பிப்பதற்குள் புறப்பட்டுவிட்டார். ரொம்பத்தான் ராங்கி என்றார் மாமியார். நானும் ஆமாம் என்றேன்.

ராங்கி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மழை நாளில் மண் சரிந்து பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஜன்னலெல்லாம் மூடி, பஸ்ஸுக்குள் ஈரத்துணி வாடை. அன்றைக்கு அவராகவே சொன்னார். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டம், மேல் பிரிவு. தாய்மாமன் மகனுக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். பரிசம் போடத் தட்டோடு ஆட்கள் வந்த நாளில் அக்கா ஹட்டன் பஸ் ஏறிவிட்டார். கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்து, நானாவிடம் வேலைக்கும் வந்துவிட்டார். சபையில் தலை குனிந்த அப்பா, அவள் சாவுக்கு நானும் இல்லை, என் சாவுக்கு அவளும் இல்லை, அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

சும்மா கோபத்தில் சொன்ன வார்த்தை என்றுதான் அக்கா நினைத்திருந்தார். அம்மா செத்தபோது யாரும் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஹட்டன் மார்க்கெட்டில் கண்டு, கருமாதிக்கும் நீ வரலையே என்று கேட்டபோதுதான் அம்மா இல்லை என்பதே தெரிந்திருக்கிறது. கையில் கத்தரிக்காயோடு நின்றாராம். அதைத் திருப்பி வைத்தேனா, பையில் போட்டேனா என்று இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை என்றார்.

“அப்பா தன் சாவுக்கும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருப்பாரு. சொல்ல மாட்டாங்க. ஆனா இந்தப் பக்கத்துக்கு அனுப்புவாங்கல்ல. அவரு பேரு என் கைய தாண்டித்தான் போகணும்.”

அப்பா பெயர் கருப்பையா. எந்தத் தோட்டத்துக் கருப்பையா வந்தாலும் மேலயா, கீழயா என்று தெரியும்வரை தனக்கு மூச்சு வராது என்றார். அதுவரை நான் அவரைக் கேலி செய்த நாட்களெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. பஸ் எப்போது கிளம்பியது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு மனுசி தன் அப்பாவின் சாவுச் செய்தியைத் தவறவிடக் கூடாது என்பதற்காக ஊரில் உள்ள எல்லோருடைய சாவையும் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் என் புருசனிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அக்கா ஒபிஸுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டால் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

அப்புறம் நானா தளத்தைப் புதுப்பித்தார். கொழும்பில் யாரையோ பிடித்து, போனுக்கு ஏற்ற மாதிரி புது வடிவம் செய்து வாங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள், போனின் அகலத்தில் நாலு கொலம் தமிழ் எழுத்தைப் போட்டால் ஒவ்வோர் எழுத்தாகக் கீழே கீழே இறங்கி வாசிக்க முடியாமல் போகிறது. ஆகவே புது வடிவத்தில் போனில் மூன்று கொலம்தான் தெரியும், பிரிவு மறைந்துவிடும். கொம்பியூட்டரில் பார்த்தால் நாலும் தெரியும். தோட்டத்துப் பெயர் இருக்கிறதே, விசாரித்துக்கொள்வார்கள் என்றார் நானா.

அக்கா என்னென்னவோ செய்து காட்டினார். நேரக் கொலத்தை ஒடுக்கினார், எழுத்தைச் சிறிதாக்கினார், பிரிவைத் தோட்டத்தின் கீழேயே இரண்டாவது வரியாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் செய்தது நல்லாத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் நானாவுக்கு அலுத்துப்போய்விட்டது, காசு கொடுத்து வாங்கிய வடிவத்தில் கை வைக்க வேண்டாம் என்றுவிட்டார். மூலைக் கொம்பியூட்டரும் கீழே களஞ்சியத்துக்குப் போனது. அக்கா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. வேலையை விடவும் இல்லை. எப்படி விடுவார்?

அடுத்து வந்த ஒரு போயா நாளில், பௌர்ணமி லீவு என்பதால் ஒபிஸ் பூட்டு. நானும் அக்காவும் மார்க்கெட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். லீக்ஸ் விலையை நான் பேசி முடித்துத் திரும்பினால், அக்கா போனை என் கையில் கொடுத்தார். நானா வீட்டிலிருந்தே ஏற்றியிருந்த புதுப் பதிவு. கருப்பையா, அக்காவின் தோட்டம், பிற்பகல் மூன்று மணி. அவ்வளவுதான் தெரிந்தது.

நானாவைக் கூப்பிட்டோம். அதை ஏற்றிவிட்டுக் கண்டிப் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனவர், போன் எடுக்கவில்லை. போனிலேயே பெரிய திரை மாதிரி மாற்றி அந்த மறைந்த கொலத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாத வழியா? அன்றைக்கு அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. கொஞ்சம் பொறுங்க, விசாரிச்சிட்டுப் போவோம் என்று மட்டும் சொன்னேன்.

“தெரிஞ்சிக்கிறதுக்குள்ள எடுத்துருவாங்க” என்றார் அக்கா.

மரக்கறிப் பையை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு நோட்டன் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் அழவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாதி வழியில்தான் தன் சேலையைக் குனிந்து பார்த்தார். நல்ல மாம்பழ மஞ்சள். வெள்ளை உடுக்கலையே என்றார். இனி என்ன செய்வது, பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னைக் கிட்டப் போக விடுவாங்களா என்று கேட்டார். எனக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது?

தோட்டத்து முகப்பில் இறங்கியதும் வெள்ளைக் கொடிகள் ஆரம்பித்தன. பாதையின் இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தூறலில் நனைந்து அவை அசையாமல் தொங்கின. எங்கிருந்தோ சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டது. அக்கா எனக்கு முன்னால் நடந்தார், நடந்தார் என்று சொல்லக் கூடாது, ஓடினார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் மேலே ஏறுகிறது, வலது பக்கம் கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் அக்கா நின்றுவிட்டார்.

கொடிகள் கீழே இறங்கின.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “அக்கா, கீழ் பிரிவு. ஒங்கப்பா இல்ல” என்றேன். அவர் தலையை ஆட்டினார். மேல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கொடியும் இல்லை. திரும்பிவிடுவோம், பஸ் போய்விடும் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பக்கத்தில் இருந்த மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மேல் பாதையிலிருந்து சாவு வீட்டுக்குப் போகிற கிழவர்கள் சிலர் குடையோடு இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் அக்காவை அடையாளம் தெரிந்தது. ஒருவர் செருமினார், ஒருவர் வேறு பக்கம் பார்த்தார், ஒருவரும் நிற்கவில்லை. கடைசியாக வந்தவர்தான் நின்றார். குடை இல்லை, தலையில் ஒரு துண்டு மட்டும். அக்கா எழும்பி நின்ற விதத்திலேயே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் மகளைப் பார்த்தார், மஞ்சள் சேலையைப் பார்த்தார், கீழே போகிற கொடிகளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டார்.

“எனக்குன்னு நெனச்சா வந்த?”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

“இது கீழ் டிவிசன் கருப்பையா. நானும் அவனும் ஒரே நாள்ல தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சவனுங்க.” தப்புச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டார். “நான் இன்னும் போகல. போனா, ஒனக்குச் சொல்லச் சொல்லி வைக்கிறேன்.”

வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அக்காவும் கேட்கவில்லை. அவர் கீழ்ப் பாதையில் இறங்கிப் போனார். லயத்து வீடுகளின் திருப்பத்தில் மறையும்வரை அக்கா அங்கேயே நின்றார், பிறகு நாங்கள் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சொல்லச் சொல்லி வைக்கிறாராம் என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அதையே திரும்பவும் சொன்னார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவரோடு வேலை பார்த்த அத்தனை நாளில் அதை நான் கண்டதில்லை. பெற்ற அப்பா தன் சாவுக்கு வரலாம் என்று சொன்னதற்கு ஒரு பிள்ளை இவ்வளவு சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“ஏன் அழுவுற,” என்றார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே.”